புன்னையின் சுற்றமும் எச்.ஐ.வி. மருந்துத் தேடலும்: சரவாக் மரம் ஒன்றின் வரலாறு

முன்னுரை

நெய்தல் திணையைப் பயிலும் மாணவர் எவரும் புன்னையை அறியாதிருத்தல் இயலாது. நற்றிணையின் 172ஆம் பாடலில், தலைவியும் தோழியும் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்து வளர்கிறது. அவர்கள் அதனைப் பேணி வளர்க்க, அன்னையோ அதனை அவர்களுக்குத் தமக்கை முறையாக்கி விடுகிறாள். தமக்கையின் முன்னிலையில் தலைவனோடு நகைத்துப் பேச நாணும் அப்பாடலை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவரிடம் நான் கேட்பதுண்டு: “புன்னையை நேரில் கண்டவர் யார்?” பெரும்பாலும் எவரும் கையுயர்த்துவதில்லை. ஆனால் அவர்கள் அம்மரத்தின் நிழலில் அமர்ந்து உணவருந்தியிருப்பர். மலேசியக் கடற்கரைகளில் பெனாகா லாவுட் என்றும் பிந்தாங்கோர் லாவுட் என்றும் மலாய்க்காரர் வழங்குவது புன்னையையே ஆகும்.

காலோபில்லம் என்னும் அதன் பேரினப் பெயர் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டது. அழகிய இலையுடையது என்பது பொருள். இப்பேரினத்துள் இருநூற்றுக்கு நெருங்கிய இனங்கள் அடங்கும். கடற்கரைப் புன்னை அவற்றுள் ஒன்று மட்டுமே. ஏனையவற்றுள் பல போர்னியோ, தீபகற்ப மலேசியா ஆகியவற்றின் உள்நாட்டுக் காடுகளிலும் சதுப்புகளிலும் வளர்வன. மலாயில் பிந்தாங்கோர் எனப்படும் இம்மரங்கள் மரவாணிகத்தில் நன்கு அறியப்பட்டவை. 1992ஆம் ஆண்டில் இம்மரங்களுள் ஒன்று மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. நச்சுயிரியை ஆய்வகத்தில் தடுத்து நிறுத்திய கலனோலைடு ஏ என்ற சேர்மம் சரவாக்கின் பிந்தாங்கோர் மரம் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

அந்த மரத்தின் வரலாற்றை முன்னிறுத்தி, நச்சுயிரிக்கு எதிரான புதிய சேர்மங்கள் எவ்வாறு தேடப்படுகின்றன என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. இலக்கியத் துறையைச் சார்ந்தவர் இதனை எழுதுவது ஏன் என்னும் வினா எழலாம். அதற்கான விடை கட்டுரையின் பிற்பகுதியில் உள்ளது.

ஏடு பெயர்த்தெழுதும் நொதி

எய்ட்ஸ் நோய் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1981ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்குக் காரணமான நச்சுயிரியைப் பாரிசின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சுவா பாரே-சினூசி, லூக் மோந்தாஞ்யே ஆகியோரின் குழுவினர் 1983ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் இவ்விருவரும் பங்கு பெற்றனர். மலேசியாவில் முதல் எய்ட்ஸ் நோயாளி 1986ஆம் ஆண்டில் அறியப்பட்டார். அதே ஆண்டில் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரின் ஆய்வு, இந்தியாவில் இந்நச்சுயிரி பரவியிருந்ததை முதன்முதலில் வெளிப்படுத்தியது.

இந்நச்சுயிரி செயற்படும் முறையை அறிந்தாலன்றி மருந்துத் தேடலை விளங்கிக்கொள்ள இயலாது. உயிர்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூற்றில் எழுதப்பட்டுள்ளது. தேவையான பகுதி மட்டும் அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்பட்டு, அப்படியைக் கொண்டு புரதங்கள் ஆக்கப்படுகின்றன. எச்.ஐ.வி.யோ தன் மரபுச் செய்தியை ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. வடிவிலேயே சுமந்து வருகிறது. மனித உடலின் தற்காப்புக்குத் தலைமை தாங்கும் ‘டி’ வகை வெள்ளணுக்களுள் நுழைந்ததும், தன்னோடு கொண்டுவந்த நொதி ஒன்றினால் அந்த ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதிக்கொள்கிறது. இவ்வாறு எழுதப்பட்ட படி, அணுவின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் இடைச்செருகலாகப் புகுத்தப்படுகிறது. அதன்பின் அந்த அணு, நச்சுயிரிக்கு ஊழியம் செய்யும் பட்டறையாகிவிடுகிறது.

வழக்கமான திசைக்கு எதிராக எழுதும் இந்நொதியை இக்கட்டுரை தலைகீழ்ப் படியெடுப்பு நொதி என்று குறிக்கும். கலைச்சொல் அகராதிகளில் இதற்கு வேறு பெயர்களும் உண்டு. அவற்றுள் சில, மூலச்சொல்லைவிடக் கடினமானவை.

தமிழ் பயில்வோர்க்கு இந்நொதியின் இயல்பை விளக்க ஏட்டுச்சுவடியே தக்க உவமை. ஏடு பெயர்த்தெழுதுவோர் எழுத்தை மாற்றியெழுதியதால் பாடவேறுபாடுகள் தோன்றின என்பதை நாம் அறிவோம். கவனமுள்ள எழுத்தர் எழுதியபின் மூலத்தோடு ஒப்புநோக்குவார். நம் உடலணுக்களில் டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதிகள் இத்தகையவை. எச்.ஐ.வி.யின் நொதிக்கோ ஒப்புநோக்கும் பழக்கமே இல்லை. சராசரியாக மூன்று முழுப்படிகளுக்கு ஒரு பிழையேனும் நேர்வதாக 1995ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. இது சிறு குறையாகத் தோன்றலாம். ஆனால் சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாள்தோறும் ஏறத்தாழ ஆயிரம் கோடி நச்சுயிரித் துகள்கள் பிறக்கின்றன என்று டேவிட் ஹோ குழுவினர் 1996ஆம் ஆண்டில் நிறுவினர். இவ்விரண்டு எண்களையும் சேர்த்து நோக்கினால், மருந்துக்குத் தப்பிக்கக்கூடிய பாடவேறுபாடு ஒன்று, மருந்து கண்டுபிடிக்கப்படும் முன்னரே நோயாளியின் உடலில் இருக்கக்கூடும் என்பது விளங்கும். மருந்தை உட்கொண்டபின் நிகழ்வது, அந்த ஒரு பாடம் மட்டும் எஞ்சிப் பெருகுவதே ஆகும். மருந்து எதிர்ப்பு எனப்படுவது இதுதான்.

பொய்யெழுத்து

முதல் மருந்தாகிய ஏ.சி.டி. எச்.ஐ.வி.க்காக ஆக்கப்பட்டதன்று. ஜெரோம் ஹார்விட்ஸ் என்னும் வேதியியலாளர் 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் புற்றுநோய்க்காக இதனை ஆக்கினார். புற்றுநோய்க்கு அது பயன்படாமற் போகவே, இருபது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. அதற்கும் முன்னர், 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்பார் கரீபியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்கள், டி.என்.ஏ. எழுத்துகளின் சர்க்கரைப் பகுதி மாறியிருந்தாலும் அவை உயிரியல் செயலாற்றல் கொள்ளக்கூடும் என்ற எண்ணத்துக்கு வழிவகுத்திருந்தன. ஆதலின் செயற்கையாக ஆக்கப்பட்ட இவ்வகை மருந்துகளின் குலமரபிலும் இயற்கைக்கு ஓரிடம் உண்டு.

ஏ.சி.டி., டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளுள் ஒன்றினைப் போலவே தோற்றமளிக்கும் பொய்யெழுத்து. தலைகீழ்ப் படியெடுப்பு நொதி ஏமாந்து அதனைக் கோத்துவிடும். ஆனால் அடுத்த எழுத்தை மாட்டுவதற்கான கொக்கி அதில் இல்லை. சங்கிலி அவ்விடத்தில் நின்றுவிடும். அமெரிக்காவில் நடந்த சோதனையில் மருந்து பெற்ற 145 பேருள் ஒருவரும், வெற்று மாத்திரை பெற்ற 137 பேருள் 19 பேரும் இறந்த நிலையில், 1986 செப்டம்பரில் அச்சோதனை இடையில் நிறுத்தப்பட்டு அனைவர்க்கும் மருந்து வழங்கப்பட்டது. 1987 மார்ச்சில் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்தது. மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. தனியாக உட்கொள்ளப்பட்ட ஏ.சி.டி.க்கு எதிரான பாடவேறுபாடுகள் விரைவிலேயே தலைதூக்கின. புதிய சேர்மங்களுக்கான தேடல் அப்போதுதான் உண்மையில் விரிவடைந்தது.

ஆறு நாள் சோதனை

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1986ஆம் ஆண்டு முதல் உலகின் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து தாவரங்களைத் திரட்டத் தொடங்கியிருந்தது. தென்கிழக்காசியாவில் இப்பணியைச் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகம் ஏற்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அர்னால்டு மரத்தோட்டம் துணை நின்றது. திரட்டுவோர் ஒவ்வொரு மரத்திலிருந்தும் இலை, சுள்ளி, பட்டை, கனி ஆகியவற்றைத் தனித்தனியே உலர்த்தி அனுப்புவர். கூடவே, கிளை ஒன்றினை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, எவ்விடத்தில், எந்நாளில், எவரால் பறிக்கப்பட்டது என்ற குறிப்புடன் தாவரச் சேகரிப்பகத்தில் வைப்பர். பிற்காலத்தில் மரத்தை அடையாளங்காண அத்தாள் ஒன்றே ஆதாரம்.

ஆய்வகத்தில் நடைபெறுவது வியக்கத்தக்க எளிமையுடையது. சிறு குழிகள் கொண்ட தட்டுகளில் மனித வெள்ளணுக்கள் வளர்க்கப்படுகின்றன. அவற்றில் நச்சுயிரி இடப்படுகிறது. சில குழிகளில் தாவரச் சாறும் வெவ்வேறு அளவுகளில் சேர்க்கப்படுகிறது. ஆறு நாள்களுக்குப் பின்னர், உயிருள்ள அணுக்கள் மட்டுமே நிறமாற்றக்கூடிய பொருளொன்று ஊற்றப்படுகிறது. அணுக்கள் மடிந்திருந்தால் குழி வெளிறிக் கிடக்கும். சாறு அணுக்களைக் காத்திருந்தால் செம்மஞ்சள் நிறம் தோன்றும். நச்சுயிரி இடாத குழியில் சாற்றை மட்டும் இட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதது. நச்சுயிரியை அழிக்கும் அளவிலேயே அணுவையும் அழிக்கும் சாற்றினால் பயனில்லை.

நிறம் தோன்றிய சாறுகள் பல. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஏமாற்றம் தந்தன. தேயிலையிலும் கடுக்காயிலும் துவர்ப்பைத் தருவது டானின் வகைப் பொருள்கள். இவையும் சிலவகைப் பலசர்க்கரைப் பொருள்களும் புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும் இயல்புடையன. ஆதலின் ஆய்வகத் தட்டில் இவை எச்.ஐ.வி.யை எளிதாகத் தடுத்துவிடுகின்றன. உட்கொண்டால் குருதியில் அந்த அளவில் சேர்வதுமில்லை. சேர்ந்தாலும் தேர்ந்து செயற்படுவதுமில்லை. ‘இம்மூலிகை எச்.ஐ.வி.யை அழிக்கிறது’ என்னும் செய்திகளுள் பல இந்த ஒரே உண்மையின் நிழல்கள் எனலாம். ஆய்வாளர் இத்தகைய பொருள்களை முதலில் நீக்கிவிட்டு, எஞ்சிய சாற்றைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் மீண்டும் அதே ஆறு நாள் சோதனைக்கு உட்படுத்தி, செயல் எந்தக் கூற்றில் தங்குகிறதோ அதனை மேலும் பிரித்து, இறுதியில் ஒற்றை மூலக்கூற்றை அடைவர். பல்லாயிரக்கணக்கான சாறுகளுள் இந்நிலையை எட்டியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

லுண்டுவில் நின்ற மரம்

1987ஆம் ஆண்டில் அர்னால்டு மரத்தோட்டத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ஜான் பர்லி, சரவாக்கின் மேற்குக் கோடியிலுள்ள லுண்டு வட்டாரத்தில் ஒரு பிந்தாங்கோர் மரத்திலிருந்து இலைகளையும் சுள்ளிகளையும் பறித்தார். அது காலோபில்லம் லேனிஜெரம் என்னும் இனத்தின் ஒரு வகையாகும். திரட்டப்பட்ட எண்ணற்ற தாவரங்களுள் அதுவும் ஒன்று. அப்போது எவரும் அதனைத் தனியே பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதன் சாறு சோதனைத் தட்டில் அணுக்களைக் காத்து நின்றது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கலனோலைடு ஏ பற்றிய ஆய்வுக்கட்டுரை 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அச்சேர்மத்தை மேலும் பெறுவதற்காக ஆய்வாளர் லுண்டுவுக்குத் திரும்பியபோது, அந்த மரம் அங்கே இல்லை. வெட்டப்பட்டிருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேறு மரங்களின் இலைகளைச் சோதித்தபோது கலனோலைடு ஏ மிக அரிதாகவே கிடைத்தது, அல்லது கிடைக்கவேயில்லை. ஒரே இனம் எனினும் மரத்துக்கு மரம் வேதியியல் மாறுபட்டிருந்தது. சிங்கப்பூர்ப் பூமலையில், ஆங்கிலேயர் காலத்தில் நட்டு வளர்க்கப்பட்ட அவ்வின மரங்களிடமிருந்து பின்னர் உதவி கிடைத்தது என்றும் பல நூல்கள் கூறுகின்றன.

தேடலின்போது எதிர்பாராத வேறொரு பயனும் விளைந்தது. பிந்தாங்கோரின் மற்றோர் இனமாகிய காலோபில்லம் டேஸ்மானியின் பாலில், கலனோலைடு ஏ-க்கு நெருங்கிய உறவுடைய சேர்மம் ஒன்று மிகுந்த அளவில் இருந்தது. காய்ந்த பாலின் எடையில் ஐந்திலொரு பங்குக்கும் குறையாமல் அது கிடைத்தது. செயலாற்றல் சற்றுக் குறைவு. ஆனால் அதனைப் பெற மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பட்டையைக் கீறிப் பாலை ஏந்திக்கொண்டால் போதும். தோட்டப்புறத்தில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. எவ்வளவு ஆழம் கீறினால் மரம் பிழைக்கும், எவ்வளவு ஆழத்தில் அது நோய்ப்படும் என்பதை என் பாட்டியார் அறிந்திருந்தார். அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படாத கல்வி.

கடற்கரைப் புன்னையும் இவ்வரலாற்றில் இடம்பெறாமல் இல்லை. மலேசியாவில் திரட்டப்பட்ட புன்னையிலிருந்து இனோபில்லம் என்னும் சேர்மங்களைப் பிரித்தெடுத்த மற்றொரு குழுவினர், அவற்றுள் சில தலைகீழ்ப் படியெடுப்பு நொதியைத் தடுப்பதாக 1993ஆம் ஆண்டில் அறிவித்தனர். நெய்தல் நிலத் தலைவியின் தமக்கைக்கும் லுண்டு மரத்துக்கும் வேதியியல் உறவும் உண்டு என்பது இதனால் அறியப்பட்டது.

கலனோலைடு செயற்படும் முறை

ஏ.சி.டி. பொய்யெழுத்து என்று மேலே கூறப்பட்டது. கலனோலைடு ஏ அத்தகையதன்று. எழுத்தாணி பிடித்த கையை ஒத்தது அந்நொதியின் வடிவம். எழுதும் இடத்துக்கு அருகே, கைமூட்டில் அமைந்தாற்போல் ஒரு பொந்து உண்டு. மருந்து வந்து நுழையும்வரை அப்பொந்து திறந்துகூட இருப்பதில்லை. கலனோலைடு ஏ அங்கே ஆப்புப்போல் நுழைந்துகொள்ளும். எழுத்தாணி கையில் இருக்கும். கை மட்டும் அசையாது. 1996ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த நெவிரபின், 1998ஆம் ஆண்டில் வந்த எஃபாவிரென்ஸ் ஆகிய மருந்துகளும் இப்பொந்தையே நாடுவன.

ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. நெவிரபினுக்குத் தப்பிய நச்சுயிரிகளில், பொந்தின் சுவரிலுள்ள 181ஆம் அமினோ அமிலம் மாறியிருப்பது வழக்கம். அந்த ஒரு மாற்றம் நெவிரபினைப் பயனற்றதாக்கிவிடும். கலனோலைடு ஏ-யோ அத்தகைய நச்சுயிரிகளையும் ஆய்வகத்தில் தடுத்தது. ஆய்வாளர் அதன்மீது பெருநம்பிக்கை கொண்டமைக்கு முதன்மைக் காரணம் இதுவே ஆகும்.

மரத்துக்கு உரியவர் யார்?

1992ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனிரோவில் உயிரியற் பன்மை உடன்படிக்கை கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. ஒரு நாட்டின் உயிரினங்கள்மீது அந்நாட்டுக்கே இறைமை உண்டு என்பதை அது ஏற்றது. காலனியக் காலத்தில் பிரேசிலின் ரப்பர் விதை, கியூ தோட்டத்தின் வழியாகச் சிங்கப்பூரையும் மலாயாவையும் அடைந்தபோது இத்தகைய வினா எழவில்லை. அந்த விதையின் பயனாகவே நம் முன்னோர் கப்பலேறி இங்கு வந்தனர் என்பதையும் மறத்தற்கில்லை.

சரவாக் அரசு இம்முறை விழிப்புடன் இருந்தது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கும் சரவாக் அரசுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. ஆக்க உரிமம் பெற்ற மெடிகெம் என்னும் அமெரிக்க நிறுவனம், கலனோலைடு ஏ-யை மரத்தின் துணையின்றி ஆய்வகத்திலேயே முழுமையாக ஆக்கும் வழியைக் கண்டது. 1996ஆம் ஆண்டில் சரவாக் அரசும் அந்நிறுவனமும் சரிபாதிப் பங்குடன் சரவாக் மெடிகெம் என்னும் கூட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தன. மாநிலத்தின் உயிரியற் பன்மை மையத்துக்கான சட்டம் 1997ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தன் காட்டின் மரத்திலிருந்து பிறந்த மருந்தில், விற்பனைக்குப் பின் கிடைக்கும் சிறு விழுக்காட்டுத் தொகையோடு நில்லாமல், தொடக்கத்திலேயே ஒரு மாநில அரசு சரிபாதிப் பங்குதாரராக அமர்ந்தது அந்நாளில் அரிய நிகழ்வாகும். இதனை வெற்றி என்றே நான் கருதுகிறேன், பின்னர் நிகழ்ந்தவை எவ்வாறாயினும்.

1997ஆம் ஆண்டில் மனிதரிடம் முதற்கட்டச் சோதனை அமெரிக்காவில் தொடங்கியது. சேர்மம் பெரிதும் தீங்கற்றது என்பது தெரிந்தது. நோயாளிகளிடம் நச்சுயிரியின் அளவு ஓரளவு குறைந்தது. ஆனால் ஆண்டுகள் கழிந்தன. கலனோலைடு ஏ இன்றுவரை மருந்துக்கடையை எட்டவில்லை. ஒரு வேளைக்கே பல நூறு மில்லிகிராம் உட்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குள் வேறு மருந்துகள் முந்திக்கொண்டன. 1995 இறுதியில் புரதம் வெட்டும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் வரத்தொடங்கி, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1996இல் நிலைபெற்றது. மூன்று வெவ்வேறு இடங்களில் ஒரே நேரத்தில் தப்பும் பாடவேறுபாடு தோன்றுவது மிக அரிது என்பதே அதன் அடிப்படை. சிறிய நிறுவனம் ஒன்று பெரிய நிறுவனங்களோடு ஓடிய பந்தயத்தில் பின்தங்கியதில் வியப்பில்லை. காசநோய்க் கிருமிக்கு எதிராகவும் கலனோலைடு ஏ செயற்படுவது பின்னர் அறியப்பட்டு, அதன்மீதான நாட்டம் வேறு திசையிலும் தொடர்ந்தது.

செய்தித்தாள் நறுக்கு

முன்னுரையில் விடுத்த வினாவுக்கு இனி வருகிறேன். 2000களின் நடுப்பகுதியில் என்னிடம் பயின்று முடித்த மாணவர் ஒருவர், தம் தமையனாரைப் பற்றிப் பேச வந்தார். தமையனார் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகி, அரசு மருத்துவமனையில் மூன்று மருந்துகள் பெற்று ஓராண்டாக உடல்தேறி வந்தவர். அவற்றுள் ஒன்று எஃபாவிரென்ஸ். இந்நிலையில் மூலிகைக் கசாயம் விற்கும் ஒருவர், அம்மருந்துகள் ஈரலைக் கெடுக்கும் என்றும், தம் கசாயம் நோயை வேரறுக்கும் என்றும் கூறியிருக்கிறார். சான்றாக அவர் காட்டியது சரவாக் மரம் பற்றிய தமிழ்ச் செய்தித்தாள் நறுக்கு ஒன்றை. கசாயத்தில் பிந்தாங்கோர் இலை எதுவும் இல்லை. கீழாநெல்லியும் வேறு சிலவும் இருந்தன. தமையனார் மருத்துவமனை மருந்தை நிறுத்திவிட்டார்.

“ஐயா, பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே, அது பொய்யா?” என்று மாணவர் கேட்டார். நறுக்கை வாங்கிப் படித்தேன். பொய் எதுவும் அதில் இல்லை. சோதனைக்குழாயில் தடுத்தது என்பதற்கும் நோயாளியைக் குணப்படுத்தியது என்பதற்கும் உள்ள தொலைவு மட்டும் அதில் எழுதப்படவில்லை.

கீழாநெல்லியை இகழ்வது என் நோக்கமன்று. 1988ஆம் ஆண்டில் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி நச்சுயிரிக்கு எதிராக அதன் ஒரு வகையைச் சோதித்து, நம்பிக்கையூட்டும் முடிவை உலகப் புகழ்பெற்ற லான்செட் இதழில் வெளியிட்டனர். பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அதே பயன் கிட்டவில்லை. எச்.ஐ.வி.யையும் அது ஆய்வகத் தட்டில் தடுத்துள்ளது. ஆனால் மேலே கூறிய டானின்களை நினைவிற்கொள்க. மூன்று மருந்துகளின் இடத்தை அது நிரப்பும் என்பதற்குச் சான்று இல்லை.

மருந்தை நிறுத்தியதில் மற்றுமொரு தீங்கும் மறைந்திருந்தது. மூன்றும் ஒரே நாளில் நிறுத்தப்பட்டாலும் உடலை விட்டு ஒரே நாளில் நீங்குவதில்லை. எஃபாவிரென்ஸ் மெல்ல நீங்கும். மற்றவை விரைந்து நீங்கும். ஆதலின் பல நாள்களுக்கு எஃபாவிரென்ஸ் மட்டும் தனித்து நின்று, அதற்குத் தப்பும் பாடவேறுபாடு பெருக வாய்ப்பளிக்கும். அந்தத் தமையனாருக்கு அவ்வாறே நேர்ந்தது. ஐந்து திங்கள் கழித்து மருத்துவமனைக்குத் திரும்பியபோது பழைய மருந்துகள் பயன்தரவில்லை. விலையும் துன்பமும் மிகுந்த இரண்டாம் வரிசை மருந்துகளுக்கு மாற வேண்டியதாயிற்று. அவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். அன்று மாணவருக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்ல, இச்செய்திகளை ஒருங்கே கூறும் தமிழ்க் கட்டுரை என் கைவசம் இல்லை.

விலையும் புதிய சேர்மங்களும்

புதிய சேர்மம் கண்டறியப்படுதல் ஒன்று; அது நோயாளியின் கைக்கு வருதல் வேறு. ஒருவர்க்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் செலவான மூன்று மருந்துகளை, 350 வெள்ளிக்குத் தர முடியும் என்று இந்தியாவின் சிப்ளா நிறுவனம் 2001ஆம் ஆண்டில் தொண்டு நிறுவனம் ஒன்றிடம் அறிவித்தது. 2003ஆம் ஆண்டில் மலேசிய அரசு, தன் காப்புரிமைச் சட்டத்தின் அரசுப் பயன்பாட்டுப் பிரிவைக் கையாண்டு, காப்புரிமை பெற்ற மருந்துகளின் பொதுவகைகளைச் சிப்ளாவிடமிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு இறக்குமதி செய்ய ஆணையிட்டது. அந்தத் தமையனார் தொடக்கத்தில் மருந்து பெற்றது இவ்வாணையின் காலத்தில்தான்.

வேதியியல் தேடலும் நிற்கவில்லை. நச்சுயிரி தன் படியை நம் டி.என்.ஏ.வுக்குள் செருகும் நொதியைத் தடுக்கும் முதல் மருந்து 2007ஆம் ஆண்டிலும், அவ்வகையுள் எதிர்ப்புக்கு எளிதில் இடங்கொடாத டோலுடெக்ராவிர் 2013ஆம் ஆண்டிலும் வந்தன. 2022ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற லெனகபாவிர், நச்சுயிரியின் மரபுச் செய்தியைப் பொதிந்திருக்கும் கூட்டையே தாக்குவது. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஊசியாகச் செலுத்தினால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்து 2024ஆம் ஆண்டில் முடிவு வெளியான தடுப்புச் சோதனையில், இதனைப் பெற்ற 2,134 பெண்களுள் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. 2025 ஜூனில் தடுப்பு மருந்தாகவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது அதன் ஆண்டு விலை 28,000 வெள்ளிக்கு மேல். பொதுவகை ஆக்குவதற்கான உரிமம் 120 நாடுகளுக்கென 2024ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டின் வழக்கு வேறு பெயரில் மீண்டும் தொடங்கியுள்ளது என்றே தோன்றுகிறது.

லெனகபாவிர் எந்த மரத்திலிருந்தும் வந்ததன்று. புரதத்தின் வடிவத்தை அணு அணுவாக அறிந்து, அதற்கேற்ப வடித்தெடுக்கப்பட்டது. இதனால் காட்டைத் தேடும் முயற்சி வீண் என்று சிலர் கூறுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய மருந்துகள் எவையும் அணுக்களுள் உறங்கும் நச்சுயிரியை அகற்றுவதில்லை. நிறுத்தினால் அது மீண்டும் எழும். உறங்குவதை எழுப்பி வெளிக்கொணரும் இயல்புடைய புரோஸ்ட்ராடின் என்னும் சேர்மம், சமோவாத் தீவின் மருத்துவ மூதாட்டியர் மஞ்சட்காமாலைக்குப் பயன்படுத்திய மமாலா மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. புரதத்தின் வடிவை வைத்துக் கணக்கிடுவோர் எவரும் அதனை எதிர்பார்த்திருக்கவில்லை.

லுண்டு மரத்தின் கிளை பறிக்கப்பட்ட நாளில் அதற்கு விலை மதித்திருந்தால், பலகைக்குரிய விலையே கிடைத்திருக்கும். அதன் உலர்ந்த இலைகள் தாளில் ஒட்டப்பட்டு, அமெரிக்கச் சேகரிப்பகம் ஒன்றின் இழுப்பறையில் உள்ளன. சரவாக்கில் அது நின்ற இடத்துக்கு, அத்தாளில் எழுதிய குறிப்பின் துணைகொண்டு இன்றும் செல்லலாம்.